பேசிக்கினே போ

பக்கத்து வீட்டு அக்கா வலது கையைத் தூக்கினால் நான் தையல் மிஷினை நிறுத்திவிட வேண்டும். ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருக்கிறேனா, பள்ளிக்கூடத்து யூனிபார்ம் அவசரமா, அதெல்லாம் பேச்சே இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சாணி பிசைந்த கை ஒன்று மேலே எழும்பும். நான் பெடலிலிருந்து காலை எடுப்பேன். அக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி நிற்பாள். அப்புறம் முகம் இளகும்.

"தோ, மூளி அந்தாண்ட கீது. கொம்பி அது பக்கத்துலயே மேயுது. என் பொண்ணு கொய்யா மரத்தாண்ட கீறா. நீ ஓட்டு தங்கச்சி."

கை இறங்கும். மிஷின் ஓடும். கொஞ்ச நேரம்தான். மறுபடியும் கை எழும்பும்.

மூளியும் கொம்பியும் அவளுடைய எருமைகள். பள்ளிக்கரணையில் நாங்கள் குடிபோன எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் தெரு கிடையாது. சதுப்புதான். ஆள் உயரத்துக்குச் சம்புக் கோரை, அதற்கு நடுவே தண்ணீர், தண்ணீருக்கு அடியில் எவ்வளவு சேறு என்று யாருக்கும் தெரியாத கறுப்புச் சேறு. என் வீட்டுக்காரர் காலையில் பஸ் பிடித்துத் தாம்பரத்துக்கு வேலைக்குப் போய்விட்டால் எனக்குத் துணை அந்த மிஷினும் இந்த அக்காவும்தான்.

அவள் வீட்டில் உயிருள்ள எல்லாவற்றுக்கும் மணி இருந்தது. மூளிக்கு டொக்டொக்கென்று தகர மணி. கொம்பிக்குக் கனமான வெண்கல மணி. ஆடுகளுக்கும் குட்டிகளுக்கும் சின்னச் சின்னதாக, ஒன்று மாதிரி ஒன்று கேட்காது. சேவலுக்கு மட்டும் கட்டவில்லை. "அது தானே கத்திக்கினு கீது, அதுக்கு இன்னாத்துக்கு?" என்றாள். மணி வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குத்தான் போவாள். நானும் ஒருமுறை கூடப் போனேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்து, இது மூளியோடது மாதிரி கேக்குது, வேணாம், இது ஆட்டோடது மாதிரி, வேணாம் என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் பொறுமை போய், "இன்னாம்மா, கச்சேரி எதுனா வெக்கப் போறியா?" என்றார்.

"இல்லீங்க, குடும்பத்துக்கு" என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். அவளுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

தவழுகிற குழந்தைக்கு அரைஞாண் கயிற்றில் ஒரு மணி கோத்துவிடுவது எல்லா வீட்டிலும் உண்டு. பிள்ளை ஓடியாட ஆரம்பித்ததும் கழற்றிவிடுவார்கள். அக்கா கழற்றவே இல்லை. மகள் அஞ்சலை பள்ளிக்கூடம் சேர்கிற வயதிலும் இடுப்பில் மணியோடுதான் திரிந்தாள். மூத்தவன் பாபு இடுப்பில் கட்ட முடியாது என்று அழுது புரண்டதால் அவனுடைய புத்தகப் பையின் வாரில் ஒன்று தொங்கியது.

அவள் வீட்டுக்காரர் கல் குவாரியில் வேலை பார்த்தார். வெடிச் சத்தம் வருஷக்கணக்கில் தின்றதில் அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. "அவருக்கும் ஒண்ணு கட்டிடுங்களேன்க்கா" என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"அது வாயத் தொறந்தா மேடவாக்கம் வரிக்கும் கேக்கும். அதுக்கு எதுக்குடி மணி?" என்றவள், கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "எங்க வூட்ல மொத்தமா ரெண்டே காது தங்கச்சி. ரெண்டும் என்துதான்."

இப்படிப் போகிறபோக்கில் ஏதாவது சொல்லிவிடுவாள். எனக்குத் தைத்துக்கொண்டிருக்கிற துணியில் ஊசி நின்றுவிடும்.

பாபு விஷயம் தெருவே சிரித்த கதை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனை "டேய், மாடு வருது வழி விடு" என்று ஓட்டியிருக்கிறார்கள். அவன் ஒரு காலையில் வீட்டை விட்டு இறங்கியதும் மணிக்குள்ளே கிழிந்த துணியைத் திணித்துவிட்டான். இங்கே அக்காவின் கை எழும்பியது. நான் மிஷினை நிறுத்தினேன். தெருக்கோடி வரை ஒன்றுமில்லை. அவள் முகம் வெளுத்தது. சாணிக் கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். போட்டிருந்த வாசற்கோலத்தின் மேலேயே ஓடினாள். வகுப்புக்குள் போய் நின்று, "சார், எம்புள்ள உள்ள கீறானா?" என்றாளாம்.

"இருக்கானேம்மா. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணியும் ஆவல சார். சத்தம் வரல."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பாபு பெஞ்சுக்கு அடியில். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "என் மானமே போச்சு" என்று அவன் கத்தியது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"மானம் போனா நாளைக்கி வந்துரும்டா. நீ போனா வருவியா?"

 

எனக்குக் குழந்தை பிறந்தபோது முதலில் வந்து பார்த்தவள் அவள்தான். கறுப்புக் கயிற்றில் குன்றிமணி அளவுக்கு ஒரு மணி கோத்துக் கொண்டுவந்திருந்தாள். குழந்தை நல்ல தூக்கக்காரன். தூளியில் போட்டால் அசையாமல் கிடப்பான். அது அவளுக்குப் பொறுக்காது. நான் சமையலில் இருப்பேன், பின்வாசல் வழியாக வந்து மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு வருகிறது என்று விரல் சொன்னாலும் மனசு கேட்காது. மெல்ல உள்ளங்காலில் ஒரு கிள்ளு. வீல் என்று அழுவான். "நல்லாக் கீறான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவாள். அழுகையை அடக்குகிற வேலை எனக்கு.

"ஏங்க்கா, தூங்குற புள்ளைய அழ வெச்சிட்டுப் போறீங்களே" என்று ஒருநாள் கோபமாகவே கேட்டேன்.

"அய்வுற கொயந்தய பத்தி எனக்குக் கவலயே இல்ல. அயாத கொயந்ததான் என்னக் கொல்லுது" என்றாள்.

அன்றைக்குத்தான் கன்றுக்குட்டியின் கதையைச் சொன்னாள். பாபு பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கொம்பியின் தலைச்சன் கன்று. தாயின் பின்னாலேயே சதுப்பில் இறங்கியிருக்கிறது. அக்கா கரையில் உட்கார்ந்து கோரை அறுத்துக்கொண்டிருந்தாள். கன்று கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் நின்றது. நிற்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். அது இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கட்டு அறுத்து முடித்து நிமிர்ந்தபோது தலை மட்டும் வெளியே இருந்தது. கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு தபா கத்தியிருந்தா ஓடியிருப்பேன். சும்மாவே போச்சு தங்கச்சி. சேறு ஒன்ன இயுக்கும்போது சத்தத்ததான் மொதல்ல இயுக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கை எழும்பினால் நான் முணுமுணுத்ததில்லை. எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது என்றுகூடச் சொல்லலாம். மிஷின் நின்ற நேரத்தில் நானும் காதைக் கொடுப்பேன். மூளி, கொம்பி, ஆடு, அஞ்சலை என்று எனக்கும் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டது.

மழைக்காலம் முடிந்து வெயில் லேசாக முகம் காட்டத் தொடங்கிய ஒரு நாள். சதுப்பில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. நீர்க்கோழிகள் கோரைக்குள்ளே கூடு கட்டுகிற பருவம். பாபு பள்ளிக்கூடத்தில். அஞ்சலை மட்டும் வீட்டில். அக்கா சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நான் யாருடைய பாவாடைக்கோ பட்டி மடித்துக்கொண்டிருந்தேன்.

கை எழும்பியது. நிறுத்தினேன். வீட்டுக் கொல்லையிலிருந்து கிணிங் கிணிங் என்று சன்னமாக வந்தது. அஞ்சலையின் மணி.

"தோ, ஆடிக்கினு கீறா" என்றாள் அக்கா.

நானும் தலையாட்டினேன். கொஞ்சம் கழித்து மறுபடி. அதே மணி. இன்னும் கொஞ்சம் கழித்து மறுபடி. நன்றாக ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கு அக்கா வழக்கத்தைவிட அமைதியாக இருந்தாள். "இன்னிக்கி இன்னா, வூட்டத் தாண்டாம வெளையாடுது என் பொண்ணு" என்று பெருமையாகச் சொன்னாள். பாட்டுக்கூட ஏதோ முனகினாள்.

அப்புறம் மணி நெருங்கி வந்தது. கொல்லையைச் சுற்றிக்கொண்டு, வைக்கோல் போரைத் தாண்டி, சுவர் முனையைத் திரும்பி வந்தது. அக்கா வறட்டி தட்டுகிற கையோடு சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

வந்தது ஆட்டுக்குட்டி. போன வாரம் பிறந்தது, அதற்கு இன்னும் மணி வாங்கவில்லை. அதன் கழுத்தில் அஞ்சலையின் அரைஞாண் கயிறு இரண்டு சுற்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. மணி வந்துவிட்டது. பிள்ளை வரவில்லை.

அக்கா கத்தவில்லை. குட்டியை வாரி எடுத்து மணியைப் பிடித்துப் பார்த்தாள். இன்னும் நம்பாதவள் மாதிரி ஆட்டிப் பார்த்தாள். அது ஒலித்தது. குட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டுச் சதுப்பைப் பார்த்து ஓடினாள். நான் என் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தெருவே கரைக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம், "அஞ்சல! ஏ அஞ்சல!" என்று கூப்பிட்டார்கள். அக்கா வெறி பிடித்தவள் போல ஒவ்வொருவர் வாயையும் பொத்தப் போனாள்.

"யாரும் கூப்டாதீங்க! ஒங்க கால்ல வியறேன், வாய மூடுங்க! அவ குரல் குடுத்தா எனக்குக் கேக்காது!"

எல்லோரும் அடங்கினார்கள். என் இடுப்பில் இருந்த குழந்தை சிணுங்கியது. எந்த அழுகையைக் கேட்டு அவள் நிம்மதியாகப் போவாளோ அதே அழுகையை இப்போது அவள் கையை ஆட்டி அடக்கச் சொன்னாள். நான் அவன் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன். கோரை காற்றில் உரசுகிற சத்தம் மட்டும். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் சாய்த்தாள். அந்தப் பக்கம் சாய்த்தாள். மூளியின் மணி டொக்கென்றது. வேறொன்றும் இல்லை. ஏதோ ஒரு சத்தம் வரும் வரும் என்று அவள் நிற்க நிற்க எனக்கு அந்தக் கன்றுக்குட்டி ஞாபகம் வந்தது. அவளுக்கும் அதுதான் வந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் அவள் வீட்டுக்காரர் குவாரியிலிருந்து வந்து சேர்ந்தார். வெடி வைக்கிற நாளில் மதியத்தோடு விட்டுவிடுவார்கள். உடம்பெல்லாம் கல் தூசி. அக்கா அவர் முகத்துக்கு நேராகப் போய், கையாலும் வாயாலுமாகச் சொன்னாள். அவருக்குப் புரிந்தது. அவர் காதைக் கொடுக்கவில்லை, கொடுக்க அவரிடம் காது ஏது? நெற்றியில் கையை வைத்து நிழல் கட்டிக்கொண்டு பார்த்தார். சும்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

"தே, இன்னா மரமாட்டம் நிக்கிற?" என்று அக்கா அவர் மார்பில் அடித்தாள்.

"கொக்கு எறங்க மாட்டேங்குது பாரு!" என்று கத்தினார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. சதுப்பெங்கும் கொக்குகள் இறங்குவதும் எழுவதுமாக இருந்தன. ஓர் இடத்தில் மட்டும், உயரமான ஒரு கோரைப் புதருக்கு மேலே, இறங்க வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தன. "அங்க ஆள் கீது!"

வீட்டுக்கு ஓடி நைலான் கயிற்றுக் கட்டிலைத் தலையில் தூக்கிவந்தார். சேற்றின் மேல் அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, கையால் கோரையைப் பிடித்து இழுத்து இழுத்து நகர்ந்தார். புதருக்குள் அவர் மறைந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பதிந்த தடம் ரொம்ப நாள் இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது கட்டிலின் மேல் அஞ்சலை கிடந்தாள். மார்பு வரை கறுப்புச் சேறு. கண் திறந்திருந்தது. அழவே இல்லை. இறுக மூடிய ஒரு கைக்குள் நீர்க்கோழி முட்டை ஒன்று உடையாமல் இருந்தது.

அக்கா அவளைத் தரையில் நிறுத்தி, தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டி கத்தல? இம்மாம் பேரு நிக்கிறோம், ஏண்டி ஒரு குரல் குடுக்கல?"

"நீ பயப்படுவியேன்னுதான்" என்றது அந்தப் பிள்ளை.

"மணிய ஏண்டி கய்ட்டுன?"

"மணி அடிச்சா கோயி ஓடிப்புடும்மா. மணி அடிக்காட்டி நீ பயப்படுவ. அதான் குட்டிக்குக் கட்டிட்டுப் போனேன்."

அக்கா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு நிமிஷம் சத்தம் நின்றால் துடிக்கிறவள், அன்று விளக்கு வைக்கிற வரை வாயே திறக்கவில்லை. நான் மிஷினில் உட்காரவில்லை. அவள் கை எழும்பவும் இல்லை.

மறுநாள் காலை பாபுவின் பை வெறுமையாகத் தொங்கியது. அஞ்சலையின் இடுப்பில் வெறும் கயிறு. இரண்டு பிள்ளைகளையும் வாசலில் நிறுத்தி அக்கா புதுச் சட்டம் போட்டாள்.

"மணிய நம்ப மாட்டேன். அத யாரு வேணாலும் மாட்டிக்கலாம். எங்க போனாலும் பேசிக்கினே போ. எனக்குப் பேச்சு கேக்கணும்."

"இன்னாத்தப் பேசுறது?" என்றான் பாபு.

"எத வேணாலும் பேசு. என்னயே வேணாலும் திட்டு. பேசிக்கினே போ."

அன்றிலிருந்து எங்கள் தெருவில் அந்த இரண்டு பிள்ளைகளும் தனியாகப் பேசிக்கொண்டே நடந்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பாபு வெட்கப்பட்டுக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போவான். அவன் கணக்கில் தேறியதற்கு அவன் அம்மாவின் பயம்தான் காரணம் என்று நான் சொல்வேன். அஞ்சலைக்குக் கூச்சமே கிடையாது. கண்ணில் பட்டதையெல்லாம் சொல்வாள். கொல்லையிலிருந்து அக்கா 'ம்' கொட்டுவாள்.

"யம்மா, கொய்யா மரத்தாண்ட வந்துட்டேன்."

"ம்."

"நாய் ஒண்ணு பட்த்துக்கினு கீது."

"ம்."

"கடிக்கல."

"ம்."

ஒருநாள்கூட அந்த 'ம்' தவறியதில்லை. அப்போதும் என் மிஷினைப் பார்த்துக் கை எழும்பத்தான் செய்தது.

வருஷங்கள் போயின. சதுப்பின் ஓரமாக மனைக்கற்கள் நட ஆரம்பித்தார்கள். குப்பை லாரிகள் வந்தன. மேய்ச்சல் சுருங்க, எருமைகளும் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் மூளியின் பேத்தி ஒன்றுதான் மிச்சம். அக்காவுக்குப் புதிதாகப் பயப்பட லாரிகள் கிடைத்தன.

தொண்ணூறுகளின் நடுவில் அஞ்சலைக்குக் கேளம்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். உப்பளத்தில் மேஸ்திரி. பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான்தான் காபி எடுத்துப் போனேன். அக்கா மாப்பிள்ளையின் சம்பளம் கேட்கவில்லை, நிலபுலம் கேட்கவில்லை. "வூட்டாண்ட தண்ணி கீதா? ஆயம் எவ்ளோ?" என்று கேட்டாள். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, "ஒங்களுக்குக் காது நல்லாக் கேக்குங்களா?" என்றாள்.

அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன், எனக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல்னு சொல்லல சம்பந்தி. எம்பொண்ணு பேசிக்கினே இருப்பா. ம் கொட்ட ஆளு வேணும்."

நான் நடுவில் புகுந்து ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். சம்பந்தம் முறியாமல் நின்றது பெரிய விஷயம்.

கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்புகிற நாள். வாசலில் வேன். அவள் வீட்டுக்காரர் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ரகசியமாக அழுதார். அக்கா அழவில்லை. புடவை முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேன் உறுமியது. அவள் தலையை வெளியே நீட்டினாள். பட்டுப் புடவையும் பூவும் நகையுமாக, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் தொடங்கினாள்.

"யம்மா, வேன்ல குந்திட்டேன்."

"ம்" என்றாள் அக்கா.

"கெளம்பிடுச்சும்மா."

"ம்."

"கொய்யா மரம் வந்திருச்சு."

"ம்."

"லாரி ஒண்ணு எதுர்ல வருது. நாங்க ஓரமாத்தான் போறோம்!" இப்போது கத்தினாள்.

"ம்."

வேன் முனை திரும்பியது. என்னவோ ஒரு சொல் காற்றில் பாதியாக வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. கூட்டம் கலைந்தது. பந்தல்காரர்கள் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். அக்கா வாசலிலேயே நின்று, விட்டு விட்டு 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை. வீட்டுக்குள் போய் மிஷினில் உட்கார்ந்து, கையில் கிடைத்த துணியை வைத்து மிதித்தேன்.

வேலிக்கு மேலே கை எழும்பியது.

நான் காலை எடுத்துவிட்டேன்.